ம் கொட்டும் ஆள்

பானுமதி தன் கதையை வாசித்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோது காத்தான் "ம்" என்றான்.

விஜயா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கழுத்தை முன்னே நீட்டி, வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். ம் கொட்டியது அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்த ம் அவளுடையது.

மூன்று வருடமாக அவள் எழுதியதையெல்லாம் கேட்டவன் அவன் ஒருவன்தான். சாயங்காலம் களத்தில் மிளகுக் கொத்துகளை மிதித்து மணிகளை உதிர்ப்பான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் படிப்பாள். அவன் ம் கொட்டுவான். மலைமேல் திண்ணனூர் நாட்டில் கதை சொல்வது அப்படித்தான். ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நிற்கும்.

சோளக்காட்டு வாசகர் வட்டத்தில் யாரும் ம் கொட்டுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் இருபது பேர் கூடுவார்கள். ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். முடிந்ததும் கைதட்டுவார்கள். போன மாதம் விஜயா முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. அந்த அமைதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "தொண்டை சரியில்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்லீங்க, அடுத்த மாசம் வாசிச்சிருங்க," என்றார் வட்டத்தை நடத்தும் அருள்மொழி. "இங்க முழுசா வாசிச்ச கதையத்தான் தொகுப்புல போடறோம். அடுத்த மாசந்தான் கடைசி."

அதனால்தான் காத்தானைக் கூட்டி வந்தாள். பின்னால் உட்கார்ந்து மெதுவாக ம் கொட்டினால் போதும் என்று சொல்லியிருந்தாள்.

அவன் பானுமதிக்குக் கொட்டினான்.

பானுமதி மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. மலைப்பாதையின் எழுபது வளைவுகளை பஸ்ஸில் ஏறி வந்தும் அவள் சேலை மடிப்பு கலையவில்லை. பாதிக் கதையைத் தாளைப் பார்க்காமலே சொன்னாள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். விஜயா நிறுத்தினால் பரிதாபப்படுவார்கள்.

"ம்," என்றான் காத்தான் மறுபடி. முன்வரிசையில் ஒருவர் திரும்பிச் சிரித்தார். பானுமதியும் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கதை நன்றாக இருந்தது. விஜயாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீ வந்தது. காத்தானை மாடிப்படிக்கு அழைத்துப் போனாள்.

"ஏனுங்க, உள்ள என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கதை கேட்டுட்டு இருந்தேன்."

"ம் கொட்டுனீங்க."

"நானா?"

"ஆறு தடவ."

"எண்ணிட்டா இருந்த?" அவன் சிரித்தான். "நல்லா இருந்துச்சு புள்ள. கெணத்துல உளுந்த அந்த ஆட்டுக்குட்டி பொழைக்குமா பொழைக்காதான்னு..."

"போதும். இனி வாயத் தொறந்தீங்கன்னா ஊட்டுக்குத் தனியாத்தான் போவோணும்."

"சேரி சாமி. தொறக்கல."

அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஒரே பலாமரத்தைப் பங்கு பிரித்துக்கொண்ட இரண்டு ஓரகத்திகளின் கதை. முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவதும் வந்தது. "மரம் மூத்தவளின் வாசல் பக்கம் சாய்ந்திருந்தது," என்று வாசித்து நிறுத்தினாள். களத்தில் அங்கேதான் முதல் ம் விழும்.

விழவில்லை.

நிமிர்ந்தாள். காத்தான் கடைசி வரிசையில் உதடுகளை இறுக்கி மூடியிருந்தான். அவள் கண்ணால் சாடை காட்டினாள். அவன் கையையும் எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டான். சொன்னதைச் செய்கிற மனிதன்.

வியர்த்த கையில் நோட்டின் ஓரம் ஈரமானது. அருள்மொழி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். தொண்டை சரியில்லை என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது.

"ம்."

காத்தானுடையது இல்லை. முன்வரிசையிலிருந்து வந்தது. பானுமதி கன்னத்தில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம், அப்பறம்?"

விஜயாவுக்குக் காது சுட்டது. போயும் போயும் இவளிடமா வாங்க வேண்டும்? நோட்டை மூடிவிடலாம். மூடினால் தொகுப்பில் பானுமதி இருப்பாள், விஜயா இருக்கமாட்டாள்.

"இளையவள் ஒரு கயிறு கொண்டுவந்தாள்," என்று வாசித்தாள்.

"ம்."

சரியான இடத்தில் வந்தது. காத்தான் எப்போதும் கொஞ்சம் பிந்துவான். இவள் பிந்தவில்லை. இதையுமா இவள் நன்றாகச் செய்ய வேண்டும்? கோபத்தில் குரல் ஏறியது. இரண்டாம் பக்கம் போனது. மூன்றாம் பக்கம் போனது.

நான்காம் பக்கத்தில்தான் கவனித்தாள். வெகுநேரமாக ம் வரவில்லை. அவளும் நிறுத்தவில்லை. பானுமதியின் கை கன்னத்திலிருந்து இறங்கியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. ம் கொட்ட மறந்திருந்தாள்.

விஜயா கடைசிப் பக்கத்தை அவசரப்படாமல் வாசித்தாள். நடுவில் தண்ணீரும் குடித்தாள்.

கைதட்டினார்கள். அருள்மொழி அவள் பெயரைக் குறித்துக்கொண்டார். பானுமதி வந்து கையைப் பிடித்தாள்.

"மரத்த வெட்டிப் போடுவாங்கன்னே பயந்துட்டேனுங்க."

அவள் கை உலர்ந்து இருந்தது. விஜயா தன் கையை விடுவித்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நிற்கும் இடத்தில், பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் காத்தான் நின்றான். வாய்மேல் கை இருந்தது.

"இப்பத் தொறக்கலாமா?"

"தொறங்க."

"என்னமா வாசிச்ச புள்ள!"

அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். பையை மூடினாள்.

"யாரு கதை நல்லா இருந்துச்சு?"

காத்தான் ரோட்டைப் பார்த்தான்.

"பஸ் வருது," என்றான்.

வளைவு வரைக்கும் பஸ் எதுவும் தெரியவில்லை.