அளக்காமல் எழுதிய எண்

செய்த வேலையை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் மாலை வகுப்பின் முதல் விதி. நான் பகுதிநேர டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. பகலில் கப்பலூரில் சிவக்குமார் அண்ணனின் கியர் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. என் நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் உண்டு. இடது ஓரத்தில் நேரம், நடுவில் செய்தது, வலது ஓரத்தில் அளந்த எண். அளவில் எனக்கே சந்தேகம் வந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவேன். வட்டம் இல்லாத பக்கங்கள் குறைவு.

எழுமலைக்குப் பக்கத்திலிருந்து, அண்ணனுக்குப் பல வருடப் பழக்கமான சிவபாண்டி என்பவர் பழைய ராணுவ லாரி ஒன்றை ஓட்டி வந்தார். பல வருடங்களுக்கு முன்பு ஏலத்தில் எடுத்தது. முன்பக்கம் வடம் சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கிறது. அதை வைத்துத்தான் அவர் கிணறு ஆழப்படுத்தும் வேலை செய்கிறார். இன்ஜினின் சுழற்சியை வின்ச்சுக்குக் கொண்டுபோவது பி.டி.ஓ. என்கிற சின்னப் பெட்டி. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் எட்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருந்த கியரில் நான்கு பற்கள் போய்விட்டன. இந்த லாரிக்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்காது, வரைபடமும் கிடையாது. உடைந்ததை அளந்துதான் புதியதை வெட்ட வேண்டும்.

அளந்தது நான். ஆறு நாள் ஆனது. புதுக் கியர், புது பேரிங் இரண்டு, ஆயில் சீல். கியரைத் தள்ளி மாட்டும் கவையும் தேய்ந்திருந்தது. அதற்கு வெல்டிங் வைத்துக் கடைந்தோம். எல்லாவற்றுக்கும் எண் எழுதினேன்.

பெட்டியை லாரியில் மாட்டும்போது இரண்டு முகங்களுக்கு நடுவே பேக்கிங் வைக்க வேண்டும். அது ஆயில் கசியாமல் இருக்க மட்டும் அல்ல. பேக்கிங் எவ்வளவு கனமோ அவ்வளவு தூரம் பெட்டி தள்ளி நிற்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்த இடத்தைப் பட்டறையில் பிளே என்பார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

சிவக்குமார் அண்ணன் பேக்கிங்குக்கு அட்டை வாங்குவதில்லை. அவருடைய மேசை இழுப்பறை முழுக்கப் பழைய பத்திரிகைகள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாம் அதில் இருக்கும். அட்டையை இரும்பு முகத்தின் மேல் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே வருவார். தட்டின இடமெல்லாம் தானாக வெட்டுப்படும். பெரும்பாலான வேலைகளுக்கு அது போதும். இதற்கும் ஒரு தடித்த அட்டையிலிருந்து இரண்டு பேக்கிங் வெட்டி ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். மாட்டி இறுக்கியதும் டயல் கேஜ் வைத்துப் பிளேயைப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி இரண்டு இரண்டு. வட்டம் போடவில்லை.

அன்று வியாழக்கிழமை. நாலரை மணிக்கு வண்டியை ஓட்டிச் சூடாக்கியபோது பேக்கிங்கில் ஆயில் கசிந்தது. அண்ணன் எட்டு போல்ட்டையும் மறுபடி இறுக்கினார். கசிவு நின்றது. ஆனால் வின்ச் ஓடும்போது முன்பு இல்லாத ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் வந்தது.

சிவபாண்டியோடு அவருடைய மச்சினன் கருப்பு வந்திருந்தார். கிணற்றுக்குள் இறங்குகிறவர் அவர்தான். பாறையில் வெடி வைத்து, திரியைப் பற்றவைத்து, வடத்தில் தொங்கும் தொட்டியில் ஏறி நின்று கையைக் காட்டுவார். மேலே வின்ச் இழுக்கும். திரி மூன்று நிமிடம் எரியும் என்றார்கள். தொட்டி எண்பதடி வர ஒன்றரை நிமிடம். நடுவில் பல் உடைந்தால் தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அவர் என்னிடம்தான் கேட்டார். "கத்துதே தங்கச்சி. நான் இறங்கலாமா?"

மறு இறுக்கத்துக்குப் பின் பிளே அளக்க வேண்டும் என்று நோட்டில் நானே ஒரு வரி ஒதுக்கியிருந்தேன். மணி ஐந்தே கால். பஸ்ஸை விட்டால் வகுப்பு போய்விடும். மேல் மூடியைத் திறந்து கேஜ் வைக்க இருபது நிமிடம் ஆகும். முன்னால் எழுதிய எண்ணையே அந்த வரியிலும் எழுதினேன். பூஜ்யம் புள்ளி இரண்டு இரண்டு.

"இறங்கலாம்ண்ணே" என்றேன்.

வகுப்பில் அன்று என்ன நடத்தினார்கள் என்று நோட்டில் இருக்கிறது, நினைவில் இல்லை. மனதில் ஓடியது அந்த அட்டைதான். அது சூட்டில், ஆயிலில் ஊறியிருக்கிறது. ஊறிய அட்டையை மறுபடி இறுக்கினால் அமுங்கும். அமுங்கினால் பெட்டி உள்ளே போகும், பல் நெருங்கும். ஊளை அதனால் இருக்கலாம். புதுப் பல் என்பதாலும் இருக்கலாம். என் சந்தேகங்களில் பாதி வீணானவை என்பதும் எனக்குத் தெரியும்.

வெள்ளி காலை ஏழு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை.

"புதுப் பல்லு கத்தத்தான் செய்யும் வித்யா. ரெண்டு நாள் ஓடுனா அதுவே வாயை மூடிக்கிரும். நாமளே போயி தப்பா மாட்டிட்டோம்னு சொன்னா அப்புறம் எவன் வண்டிய விடுவான்?"

அளக்காமல் எழுதினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. லீவு மட்டும் கேட்டேன். சிவபாண்டியின் போன் அணைந்திருந்தது. போகிற வழியில் ஆயிலில் ஊறாத கனமான பேக்கிங் ஷீட் ஒன்று வாங்கினேன். கேஜ் என் பையிலேயே இருந்தது. மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி உசிலம்பட்டியில் மாறி எழுமலை போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். லாரியின் நிறத்தைச் சொன்னதுமே ஷேர் ஆட்டோக்காரர் கிணறு இருந்த தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

கருப்பு காலையிலிருந்து மூன்று முறை இறங்கி ஏறியிருந்தார். பாறையில் துளை போட்டாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வெடித் தோட்டா வைப்பதாக இருந்தார்கள். சிவபாண்டியிடம் பிளேயை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவர் கிணற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

"நேத்தே நல்லா இருக்குன்னுதானே பாப்பா சொன்ன?"

"மறுபடி பாக்கணும்ண்ணே."

"இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்துட்டு அடுப்ப அணைக்க மறந்துட்டு வந்த மாதிரி நிக்கிற. பாரு."

மூடியைத் திறந்து அளந்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு. கேஜை எடுத்து மறுபடி வைத்தேன். கியரைக் கால் சுற்று திருப்பி இன்னொரு பல்லில் வைத்தேன். அதே எண்.

ஆயிலை வடித்து, வின்ச்சுக்குப் போகும் புரோப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, எட்டு போல்ட்டையும் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஸ்பானர் பிடித்தது சிவபாண்டி. பெட்டி வெளியே வந்தது. பற்களின் ஒரு பக்கம் நீலம் ஏறியிருந்தது. சூட்டில் வரும் நிறம். ஒரு பல்லின் அடியில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. துணியால் துடைத்தேன். அழுக்குதான், கோடு போய்விட்டது. எல்லாப் பற்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். விரிசல் எதிலும் இல்லை.

பேக்கிங்கை உரித்தபோது அதில் ஆயிலுக்கு அடியில் எழுத்துகள் இருந்தன. சிவபாண்டி கையில் வாங்கிப் படித்தார்.

"மாப்ள, இங்க வா. நம்ம புள்ள முத்துத்தாய்க்குக் காது குத்துன பத்திரிகை."

கருப்பு எட்டிப் பார்த்தார். தாய்மாமன் என்ற இடத்தில் அவருடைய பெயரில் பாதி இருந்தது. மீதி போல்ட் ஓட்டையில் போயிருந்தது.

"கவரைக்கூடப் பிரிக்காமதான் வெட்டியிருப்பாரு அந்த ஆளு" என்றார் சிவபாண்டி. "வராத ஆளப் போயி, விசேஷத்துக்கு வந்துட்டுச் சீக்கிரம் கிளம்பிட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

ஷீட்டில் புதுப் பேக்கிங் வெட்டினேன். சுத்தியலால் அல்ல, கத்தரியால். அதனால் நேரம் அதிகம் பிடித்தது. மாட்டி இறுக்கினோம். ஓட்டிச் சூடாக்கினோம். மறுபடி இறுக்கினோம். அளந்தேன். பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்று. ஊளை நின்றிருந்தது. தொட்டியில் கல் நிரப்பி இறக்கி, பாதியில் நிறுத்தி, மேலே ஏற்றச் சொன்னேன். மூன்று முறை.

மணி மூன்று. துளைகளில் தோட்டா வைக்க ஒருமுறையும் திரி பற்றவைக்க ஒருமுறையும் அவர் இறங்க வேண்டும். கருப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் கை வைத்தார்.

"இப்ப இறங்கலாமா தங்கச்சி?"

"அளந்திருக்கேண்ணே."

"நேத்து?"

சிவபாண்டி வண்டியின் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றுவிட்டார்.

"நேத்து ரெண்டாவது தடவை அளக்கலை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பழைய எண்ணையே எழுதிட்டேன். அளந்த மாதிரி உங்ககிட்டச் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், அந்தக் கல்ல இன்னொரு தடவை போட்டு ஏத்துங்க. நான் பாக்கணும்."

முந்திய மூன்று முறையும் அவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான். சிவபாண்டி கல்லைப் போட்டார். இந்த முறை கருப்பு கிணற்றைப் பார்க்கவில்லை. பி.டி.ஓ. பக்கம் குந்தி உட்கார்ந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தொட்டி மேலே வரும்வரை அப்படியே இருந்தார். பிறகு கல்லை அவரே இறக்கிக் கொட்டினார். தொட்டியில் ஏறி நின்றார்.

தோட்டாவை வைத்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தார். மறுபடி இறங்கினார். இரண்டாவது முறை கீழிருந்து கை தெரிந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வடம் சுற்றுகிற சத்தமும் இன்ஜின் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தலை விளிம்பில் தெரிந்தபோது தொண்ணூற்று மூன்று வினாடி. அவர் இறங்கி வேப்பமரத்துப் பக்கம் நடந்தார், ஓடவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்றோம். தரை அதிர்ந்தது. சின்னக் கற்கள் லாரியின் கூரையில் விழுந்தன.

புகை அடங்க நேரமாகும் என்று அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் நோட்டைத் திறந்து நேற்றைய பக்கத்தில் இரண்டாவது எண்ணை அடித்தேன். பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்றைய எண்.

சிவபாண்டி காதுகுத்துப் பத்திரிகையை லாரிக் கண்ணாடி ஓரத்தில் காயவைத்திருந்தார். அடுத்த முறை மதுரைக்கு வரும்போது சிவக்குமார் அண்ணனிடம் அதைக் கையில் கொடுத்து, விசேஷம் எப்போது என்று கேட்கப்போகிறாராம். அதற்கு முன்பு நான் சொல்லிவிட வேண்டும், அட்டையைப் பற்றியும் எண்ணைப் பற்றியும்.

கருப்பு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று. தெரியாது என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று அவரே எழுந்து போனார்.