லோட் ஏற்றும் நாளில் சொல்லக்கூடாதது

லோட் ஏற்றும் நாளில் மகேனின் பூந்தோட்டத்தில் 'இல்லை' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் மனுஷன் சாமியாடிவிடுவான். கயிறு தீர்ந்துபோனால்கூட "கயிறு வேணும்" என்றுதான் கேட்க வேண்டும். திரிங்காப் மலையூர் முழுக்க இந்தக் கூத்து பிரசித்தம்.

அன்றைக்கென்று பார்த்து மேட்டு மண் சரிந்தது. விடியற்காலை மழையில் சாமந்திக் கொட்டகை பாதி சேற்றுக்குள் போய்விட்டது. மொத்தமாகப் பூ வாங்கும் சிங்கப்பூர் மிஸ்டர் டான் இப்போது போன் செய்வார். அவரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டியது மகேனின் மனைவி புவனேஸ்.

"எல்லாப் பூவும் வந்துரும்னு சொல்லு. போலே லா, முடியும்!" என்றான் மகேன்.

"பாதி லோரி காலியாப் போய் நின்னா? அப்புறம் நம்மகிட்ட வாங்கவே மாட்டாருங்க. நமக்கிருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

"அதுக்காக லோட் நாளும் அதுவுமா இல்லைன்னு சொல்லுவியா?"

புவனேஸுக்குச் சாயங்கால ஆங்கில வகுப்பில் தாரணி டீச்சர் சொல்லித்தந்த 'கம் அப் அகைன்ஸ்ட்' ஞாபகம் வந்தது. "தோத்துப் போறதா டீச்சர்?" என்று அப்போது கேட்டிருந்தாள்.

"அய்யோ, தோக்கிறது இல்லக்கா. போய்க்கிட்டே இருக்கீங்க, குறுக்க ஒரு கஷ்டம் வந்து நிக்குது. ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு அது சொல்லாது. எந்தக் கஷ்டமோ, அதைப் பின்னால போட்டுப் பேசுங்க."

அதில் பொய்யும் கிடையாது, மகேனுக்கு ஆகாத சொல்லும் கிடையாது. நல்லதாகப் போயிற்று!

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மிஸ்டர் டான், வீ ஹேவ் கம் அப் அகைன்ஸ்ட் எ லேண்ட்ஸ்லைட்." மண்சரிவு வந்து குறுக்கே நிற்பதைச் சொல்லியாயிற்று. பாதிப் பூதான் வரும் என்பதையும் தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டாள். மகேன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"எனிபடி ஹர்ட்?" என்றார் டான்.

யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கிறார்! புவனேஸுக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து பூவைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. சேற்றில் விழுந்து வீங்கிய முழங்காலோடுதான் அவள் இவ்வளவு நேரமும் நடமாடிக்கொண்டிருந்தாள்.

இருக்கிற பூவை அனுப்பு, மீதியை வேறிடத்தில் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த லோடும் உன்னிடம்தான் என்று சொல்லி டான் வைத்துவிட்டார்.

'எனிபடி ஹர்ட்' என்ற அளவுக்கு டானின் ஆங்கிலம் மகேனுக்கும் புரிந்திருந்தது. மெல்லக் குனிந்து அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் கேக்காமப் போய்ட்டேனே, புள்ள" என்றான்.