கிப்பி சாலையின் முதல் சிவப்பு

ஏரிக்கரைச் சாலை, நாற்பது சதவீதம். தேவாலயக் குன்று, ஐம்பத்தைந்து. பழைய ஆலைச் சாலை, முப்பது. பிர்ச் மரங்கள் மட்டும் மஞ்சள். லோர்னா பெல்கி செவ்வாய்க்கிழமை அறிக்கையை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மாநிலச் சுற்றுலா அலுவலகத்துக்கு அனுப்பினாள். இலையுதிர் காலத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு இலை நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் வெர்மான்ட் மாநிலம் முழுக்க இருந்தார்கள். சம்பளம் கிடையாது. தான் குடியிருக்கும் சாலையை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. அப்படி ஒரு விதியை எவரும் போடவில்லை. எழுதினால் சனிக்கிழமை வாசலில் சுற்றுலாக்காரர்களின் கார் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

லோர்னா ஒருமுறை எழுதினாள். ஒன்பது வருடங்களுக்கு முன்னால். கிப்பி சாலை, இந்த வாரம் உச்சம். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். அந்த வருடம் சாலை அப்படி இருந்தது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கணவன் அர்மான்ட் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"உனக்கு வேற வேலையே இல்லையாடி? சனிக்கிழமை நான் வெறகு ஏத்திக்கிட்டு வரணும். நியூயார்க்கே நடு ரோட்டுல நிக்கப் போவுது."

"நின்னா ஹார்ன் அடி," என்று சிரித்தபடி அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை கிப்பி சாலை வளைவில் ஒரு கார் நின்றது. நான்கு கதவும் திறந்து, ஒரு குடும்பம் சாலையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து பாரத்தோடு இறங்கிய அர்மான்ட் வண்டியை வளைவோரத்து மேப்பிள் மரத்தின் பக்கம் ஒடித்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

மரம் பிழைத்தது, அர்மான்ட் பிழைக்கவில்லை. மேட்டுப் பக்கம் முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம்வரை பட்டை போயிருந்தது. மறுவருடம் ஆகஸ்ட் கடைசியில், காடு முழுக்கப் பச்சையாக இருக்கும்போது, அது மட்டும் சிவந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. சாகப்போகும் மரம் முந்திக்கொண்டு சிவக்கும். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லோர்னா தினமும் இரண்டு முறை அந்த வளைவைக் கடந்தாள். தலையைத் திருப்பியதே இல்லை. ஆனாலும் இந்த வருடம் எந்தக் கிளையில் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். அது இல்லாமல் போனால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று நினைக்க மட்டும் முடியவில்லை. வெறும் வளைவாக இருக்கும்.

பத்து மணிக்கு எவரெட் ஸ்டான்ஹோப் வந்தான். சாலையோர மரங்களுக்கு ஊர் நியமித்த ஆள். அர்மான்ட்டோடு மான் வேட்டைக்குப் போனவன். பூட்ஸில் சேறு என்று வாசலிலேயே நின்றான்.

"மரத்த வெட்டப்போறதா நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். பாத்திருப்பே."

"பாத்தேன்."

"உள்ள பூரா சொத்தை, லோர்னா. பனி தள்ளுற வண்டி போற நேரத்துல விழுந்துச்சுன்னா ஓட்டுறவன் கதி அதோகதிதான்." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "மத்தியானம் வரைக்கும் கெடு. யாராவது எழுத்துல ஆட்சேபம் குடுத்தா வசந்தம் வரைக்கும் நான் தொட முடியாது. ஊர்ல எவனும் குடுக்க மாட்டான். உன்னத் தவிர."

"குடுக்கலேன்னா?"

"ரம்பம் வண்டிலதான் இருக்கு."

ஆட்சேபக் கடிதத்தை அவள் ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்திருந்தாள். நான்கு வரி. அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "நானும் வரேன்," என்றாள்.

வளைவில் சாம்பல் நிறக் கார் ஒன்று பாதி சாலையில் நின்றது. வெளி மாநில எண். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து கிடந்தது.

"ஆரம்பிச்சிட்டானுங்க," என்றான் எவரெட். "செவப்பு இலையப் பாத்தா பிரேக் போடுவானுங்க. பசுமாட்டப் பாத்தா குடும்பத்தோட எறங்கிடுவானுங்க."

ஒரு மனிதர் கையில் போனுடன் சாலையின் நடுவை நோக்கிப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் மனைவி மரத்தடியில், பட்டை உரிந்த இடத்தில் உள்ளங்கையை ஊன்றி நின்றாள். லோர்னாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏங்க, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுத்துக் குடுக்கறீங்களா?"

லோர்னா போனை வாங்கினாள். ஒன்பது வருடங்களில் முதல்முறையாக அந்த மரத்தை நேராகப் பார்த்தாள், சின்னத் திரையில். எடுத்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த ரோடு எந்தப் பட்டியல்லயும் இல்லீங்க," என்றாள் அந்தப் பெண். "இவருதான் தேடித் தேடிப் புடிச்சாரு. யாரோ ஒரு பழைய அறிக்கைய நெட்ல போட்டு வச்சிருக்காங்க. கேளுங்களேன்: 'கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள்.' எவ்ளோ ஆசையா எழுதியிருக்காங்க பாருங்க! இந்த ஒரு வரிக்காகவே ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம்."

"கார எடுங்க," என்றாள் லோர்னா.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு..."

"கார எடுங்க. இப்பவே."

அந்த மனிதர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கார் கீழே இறங்கி மறைந்தது. எவரெட் லோர்னாவின் கோட்டுப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பெல்கி வீட்டுக்காரி வெறுங்கையோடு வந்திருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

"மேல யாரு நிக்கறது?" என்று லோர்னா கேட்டாள்.

"என்னது?"

"மரம் ரோட்டுல விழும். மேலேர்ந்து வர்றவங்கள யாரு நிறுத்தறது?"

எவரெட் வண்டியின் பின்பக்கம் போய், நீண்ட கழியில் பொருத்திய பலகையை எடுத்து வந்தான். ஒரு பக்கம் 'நில்' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் 'மெதுவாக'.

லோர்னா அதை வாங்கிக்கொண்டு வளைவுக்கு மேலே, மேட்டிலிருந்து இறங்குபவர்கள் முதலில் பார்க்கும் இடத்தில் போய் நின்றாள். மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். ரம்பம் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சொத்தை மரம் சீக்கிரம் வழிவிட்டது. விழுந்தபோது பூட்ஸுக்கு அடியில் தரை ஒருமுறை அதிர்ந்தது. அந்த வேகத்தில் எழுந்த காற்று இலைகளை மேட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் கால்களைத் தாண்டி அவை சிவப்பாக மேலே ஏறின.

எவரெட் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள்.

"முடிஞ்சிது, லோர்னா. பலகையக் குடு."

அவள் கொடுக்கவில்லை.

மேட்டுக்கு அப்பால் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று கியர் இறக்கும் சத்தம் கேட்டது. எவரெட்டுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் சாலையை விட்டு ஓரப் பள்ளத்துக்கு நகர்ந்தான். சத்தம் மேட்டைத் தாண்டியது. இறங்கி வந்தது. லோர்னா பலகையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.

சாலை உச்சிவரை வெறுமையாக இருந்தது, ஒரு வண்டியும் கண்ணில் படவில்லை. அவளுக்குப் பத்தடி முன்னால் சத்தம் நின்றது. ஓடும் இன்ஜினின் சீரான உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தரையில் கிடந்த இலைகள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன.