மூன்று மாடி ஊசலின் இரண்டாவது ஆட்டம்

1

இந்தக் கதையின் கடைசி வரியைத்தான் முதலில் எழுதினேன்: 'நான் எழுந்து நின்றேன்.' நல்ல வரி. அதற்குத் தோதாக மேலே கதையை இட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது எழுத்தாளனான பிறகு வந்த பழக்கமல்ல. பொறியியல் இயற்பியல் படித்தபோதே ஒட்டிக்கொண்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இபாடான் பஸ்ஸிலிருந்து மொரேனிகே இறங்கியபோது வானம் இருண்டு, இடி இடித்து—'

(இல்லை. வெயில் கொளுத்தியது. அவள் கையில் சுடச்சுட அகாரா வடைப் பொட்டலம் இருந்தது. எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.)

இரண்டாம் முயற்சி: நைஜீரியாவில் எங்கள் படிப்பைப் படிப்பவனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. இன்ஜினியரிங் பையன்கள் எங்களைத் தத்துவஞானிகள் என்பார்கள். இயற்பியல்காரர்கள் மெக்கானிக்குகள் என்பார்கள். அந்த வருடம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். எல்லோரிடமும் ஒரே சீனியர் நோட்டின் ஜெராக்ஸ் இருந்தது. மொரேனிகே அதை வாங்கவில்லை.

3

ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் விடை 9.81. அந்த விடையை முதலில் எழுதிவிட்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவுகளை நிரப்புவது எங்கள் துறையின் மரபு.*

மொரேனிகே மட்டும் நிஜமாகவே அளந்தாள். மாடிப்படிகளுக்கு நடுவே, மூன்றாம் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒன்பது மீட்டர் நூலைத் தொங்கவிட்டாள். அடியில் இரும்புக் குண்டு. அது போய்த் திரும்ப ஆறு நொடி. அவள் மேலே நூலைப் பார்த்துக்கொள்ள, கீழே நேரம் பார்த்து எண்ணியது நான். ஐம்பது ஐம்பது ஆட்டமாகப் பத்து முறை. வந்த விடை 9.78.

"எங்கயோ தப்பா எண்ணிட்டே" என்றேன்.

"நான் எங்கடா எண்ணினேன்? எண்ணினது நீ."

அன்று மாலை சீனியர் நோட்டைப் பார்த்து என் ஏட்டில் 9.81 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

* சந்தேகம் வராமலிருக்க நடுவில் ஓர் அளவைக் கொஞ்சம் கெடுத்து வைப்போம். கதையிலும் அப்படித்தான். அகாரா எனக்கும் இரண்டு கிடைத்தது.

4

லேப் ஆசிரியர் டாக்டர் அடெக்பென்ரோவை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. சொந்தக் காசில் லேபுக்கு ஸ்டாப்வாட்ச் வாங்கிப்போட்டவரை எப்படித் திட்டுவது?

வெள்ளிக்கிழமை வகுப்பில் மொரேனிகேயின் ஏட்டைத் தூக்கிக் காட்டினார். "இருபத்திரண்டு பேருக்கு 9.81. உன்னை மட்டும் பூமி கொஞ்சமா இழுக்குதாம்மா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

திங்களிலிருந்து ஆசிரியர்கள் ஸ்ட்ரைக்; அதற்குள் மார்க் போட்டாக வேண்டும். சாயங்காலத்துக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் ஃபெயில், இந்த ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் கூடுதல் என்றார் அவர். ஜெராக்ஸைப் பார்த்து எழுத அரைமணி நேரம் போதும். அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"அளந்தது அதுதான் சார். கூட ஒருத்தர் இருந்து எண்ணினாங்க."

"யாரு?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன். எழுந்தால் என் பொய் ஏடும் மாட்டும், நானும் ஃபெயில். எழாவிட்டால் அவள் மட்டும்.

(குறுக்கே ஒரு தகவல். அன்று எங்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை. புவியீர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூல் குறைவு. 9.81 ஐரோப்பாக்காரன் தன் ஊரில் அளந்தது. எங்கள் ஊருக்கு 9.78தான். இருபத்திரண்டு பேர் படியேறாமலேயே ஐரோப்பாவை அளந்து முடித்திருந்தோம்.)

5

முடிவு அ: நான் எழுந்து நின்றேன். டாக்டர் அலமாரியிலிருந்து தடித்த அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, எங்கள் ஊர்ப் புவியீர்ப்பைத் தேடிப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

முடிவு ஆ: நான் குனிந்து, விழாத பேனா மூடியைத் தேடினேன். அடுத்த வருடம் மொரேனிகே அதே படியில் நூலைத் தொங்கவிட்டாள். கீழே எண்ணியவன் வேறொருவன்.

இரண்டையும் அவளுக்கே அனுப்பினேன். (இன்னும் என்னோடு பேசுகிறாள். அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; அவள் எல்லோரோடும் பேசுவாள்.) பதில் வந்தது:

"டேய் லான்ரே, இன்னும் விடையைப் பார்த்துத்தான் எழுதுறியா? அளந்ததை மட்டும் எழுது."

அளந்தது இவ்வளவுதான். 'யாரு?' என்று அவர் கேட்டதிலிருந்து ஏட்டை மூடி வைத்தது வரை பன்னிரண்டு நொடி. எங்கள் ஊசலுக்கு அது இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவதை நீங்கள் எண்ணுங்கள். விடையை முதலில் எழுதிவிடாதீர்கள்.