மச்சினன் பார்த்த வீடு

அச்சகக்காரர் அன்று கிளம்பியது மச்சினனுக்குத் துணையாக. மனைவியின் தம்பியான அவனுக்குக் குடும்பத்தில் அரைமனசு என்று பேர். சட்டை எடுக்கப் போனாலே பாதிக் கடையைக் கீழே இறக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றதும், பெரியவராக ஒருவர் கூட நிற்பதுதான் மரியாதை என்று இவர் செருப்பை மாட்டினார்.

உடம்பு அசதியாகத்தான் இருந்தது. மூத்தவன் வேலைக்கென்று வெளியூர் போய் வெகுநாளாயிற்று. போன வாரம் சின்னவளும் போய்விட்டாள். அவள் பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கியதில் பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை.

வீடு தரைத்தளம். இரண்டே அறை. விற்கிறவர் ஓய்வுபெற்ற டீச்சர், தனியாள். பாதிச் சாமான் ஏற்கெனவே அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது.

“இவர் வாக்குக் கொடுத்துட்டாரேன்னு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். மகன் வண்டிக்கும் சொல்லிட்டான்,” என்றார் டீச்சர்.

அரைமனசு சுவரைத் தட்டினான். குழாயைத் திறந்து மூடினான். “அத்தான், காத்தே வரலையே,” என்றான்.

“முதல்ல பாத்தப்ப வந்துச்சா?”

“அப்ப ஃபேன் ஓடுச்சு.”

பிறகு டீச்சரிடம், “கொஞ்ச நாள் போகட்டும்மா, யோசிச்சுச் சொல்றேன்,” என்று வாசலைப் பார்த்தான்.

டீச்சர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த டேப்பைப் பெட்டிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். “உங்க குடும்பத்தைப் பத்தி எல்லாரும் நல்லவிதமா சொன்னாங்க. அதான் நம்பினேன்.”

அச்சகக்காரருக்குச் சுருக்கென்றது. சொன்ன தேதிக்கு வேலையை முடிக்க இயந்திரத்தின் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர். பெண் எடுத்த வீட்டின் பேர் வேறு, தம் பேர் வேறு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

“வீட்டை நாங்க எடுத்துக்கிறோம்மா. வண்டியை நிறுத்த வேண்டாம்.”

தெருவுக்கு வந்ததும் மச்சினன் பதறினான். “அத்தான், உங்களுக்குத்தான் வீடு இருக்கே!”

“வாயைத் திறக்காதே. திறந்து பண்ணினது போதும்.”

பழைய வீட்டை விற்றால்தான் இதை வாங்க முடியும். பழைய வீடோ இருவர் பேரிலும் இருந்தது. மனைவி கையெழுத்துப் போடாவிட்டால் கொடுத்த வாக்கு காற்றோடு போகும்.

மனைவி மாடியில் சின்னவளின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். யாரும் படுக்காத அறைக்கும் தூசி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. அவர் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

“மாடிப்படி இருக்கா?”

“இல்ல.”

“எத்தனை ரூம் கூட்டணும்?”

“ரெண்டு.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை நீவினாள். “இந்த வீட்டை இனிமே என்னால கட்டி மேய்க்க முடியாதுன்னு நானே சொல்லத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா உடனே சரின்னிருப்பேன். இப்ப எப்படிச் சொல்றது?”

“உன் தம்பி மானம் போயிருக்கும்.”

“அவனுக்கு ஏதுங்க மானம்? முன்னபின்ன தெரியாத டீச்சருக்கு வாக்கு. எனக்குக் கையெழுத்து மட்டுமா?”

குடும்பத்தின் மரியாதை என்று காலமெல்லாம் கட்டிக் காத்தவர், அதில் இவளுடைய பங்கை எங்கே விட்டோம் என்று தேடினார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் அவளிடம் கேட்டார்.

“எடுத்துக்கலாமா?”

“முடியாதுன்னா?”

“டீச்சர்கிட்ட போய், தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வர்றேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். போய்ச் சொல்லக்கூடிய மனுஷன்தான். சொல்லிவிட்டு வந்தால் எத்தனை நாள் சோறு இறங்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“பாக்காம கையெழுத்துப் போட மாட்டேன். எந்தக் குழாய் ஒழுகுது, எந்தச் சுவர் ஓதம் காக்குதுன்னு அந்தம்மாகிட்ட நானே கேக்கணும். காலைல போகலாம். இப்ப என்னால எந்திரிக்க முடியாது.”

“என்னாலயும் முடியல,” என்று அவரும் கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார்.