மூடுபனியை வடித்த வீடு

தம் படகுக்குத் திமிங்கிலம் கிடைக்காத இரண்டாவது வசந்தம் முடிந்தபோது, படகுத் தலைவர் உயராக்கின் வீட்டு வாசல் நிலையிலிருந்து தாடைத்தகடுகள் முளைத்தன. முதலில் விரல் நீளம் இருந்தவை, வாத்துகள் குஞ்சு பொரிப்பதற்குள் கை நீளமாகிவிட்டன. கறுத்து, நகம்போல வழவழப்பாக, உள்விளிம்பில் முரட்டு நார் தொங்க, பல்லில்லாத பெருந்திமிங்கிலத்தின் மேல்வாயில் சீப்புப்போல வரிசை கட்டியிருக்குமே, அப்படியே இருந்தன. வாசலுக்கு மேல் விட்டமாகக் கிடந்தது உயராக்கின் பாட்டனார் பிடித்த திமிங்கிலத்தின் தாடையெலும்பு. ஆகவே பனிக்கடல் ஓரத்து அந்த ஊரில் யாரும் கூச்சலிடவில்லை. எலும்பு நல்ல எலும்பு, இன்னும் உயிரோடிருக்கிறது என்றார்கள்.

காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது கொடுக்கும் வீடு. திமிங்கிலம் கிடைத்த நாளில் அதன் கூரையில் நீலக்கொடி ஏறும், ஊரே பானையோடு வரும், கடைசி ஆள் வாங்கிய பிறகே வீட்டார் சாப்பிடுவார்கள். அந்தக் கொடி இரண்டு வசந்தமாகப் பெட்டியில் மடங்கிக் கிடந்தது. இரண்டாம் வசந்தத்தில் திமிங்கிலம் பமியுக்கின் படகுக்குத் தன்னைக் கொடுத்தது. பமியுக் ஒரு காலத்தில் உயராக்கின் படகில் துடுப்புப் போட்டவன். முறைப்படி பங்கைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டு தானே வந்து நின்றான்.

"அண்ணே, வாலோரத்துக் கறி. உங்களுக்குன்னே பாத்து வெட்டுனது."

"எங்க வாசல்ல கறி வெளியதான் போகும். உள்ள வராது. வண்டியத் திருப்பு."

உள்ளே அகப்பையோடு நின்ற அவர் மனைவி மசாக், வண்டி திரும்பிப் போவதைக் கடைசிவரை பார்த்தாள். திமிங்கிலம் தன்னைக் கொடுப்பது ஊருக்கு. படகுத் தலைவனின் கை வெறும் அகப்பை. பங்கைத் திருப்பியவர் பமியுக்கை அல்ல, திமிங்கிலத்தையே திருப்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் வாசலைப் பெருக்கப் போனவள்தான் முதல் தகட்டைக் கண்டாள்.

உயராக் அவற்றை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த இடத்தில் இன்னும் தடிப்பாக முளைத்தன. தகடுகள் இறங்க இறங்க, வாசலில் நுழைபவர் குனிய வேண்டியதாயிற்று. உயராக் குனிந்து பழகாதவர், அதனால் ஜன்னல் வழியாகப் போய்வந்தார். தவழ்ந்தார் என்று சிலர் சொல்வது பொய். முதுகு வளையாமல் காலைத் தூக்கித் தாண்டினார், அவ்வளவுதான்.

கோடையின் முதல் மூடுபனி கடலிலிருந்து வந்த நாளில் கதவு திறந்திருந்தது. திமிங்கிலம் எதையும் துரத்துவதில்லை. வாயைத் திறந்துகொண்டு மெல்ல நகர்கிறது, கடல் தானாக உள்ளே வருகிறது. வீடும் அப்படித்தான் செய்தது. வாசலின் இருபுறமும் வரிசையாகத் தொங்கிய தகடுகளுக்கு நடுவே பனி நுழைந்தது. சுவர்கள் லேசாக உப்பித் தாழ்ந்தன. பனி தகடுகளின் இடுக்கு வழியே பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறிவிட, அதில் வந்த அரிசிக்குருணை அளவுச் செந்நிறப் பூச்சிகளும் கண்ணாடி போன்ற சிறு இறால்களும் நாரில் சிக்கி நின்றன. தரையில் விரித்திருந்த வெண்கரடித் தோல் நாக்குப்போல எழும்பி அவற்றை வழித்து அடுப்போரம் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மசாக் அதை அள்ளிக் கஞ்சி வைத்தாள்.

"திமிங்கிலம் திங்கறத மனுசன் திங்கறதா?" என்றார் உயராக்.

"திமிங்கிலத்தத் தின்னு வளந்த ஒடம்புதான உங்களுது? அது எதத் தின்னு வளந்துச்சாம்?"

அவர் போய்க் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து வீடு மெலிந்தது. பலகைகள் சுருங்கின, சுவர்களில் விலா தெரிந்தது, கூரை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து அவர் தலையில் இடித்தது. உறைபனிக் காலத்தில் அவர் தம் வீட்டுக்குள்ளேயே கூனி உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல குனியமாட்டேன்னீங்க. இப்ப நடுவீட்டுல குனிஞ்சு உக்காந்திருக்கீங்க," என்றாள் மசாக்.

பாட்டனார் கட்டிய வீடு பட்டினியால் சாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து கதவைத் தாமே திறந்தார். மூடுபனி வந்தது, கூரை உயர்ந்தது. அன்று அவரும் ஒரு கிண்ணம் குடித்தார்.

மூன்றாவது வசந்தத்தில் கடல் திறக்கவே இல்லை. பனிப்பாறைகள் கரையோடு ஒட்டி நின்றன, யார் படகும் இறங்கவில்லை. மண்ணுக்கடியில் தோண்டிய பனிக்கிடங்குகளில் பெண்கள் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்கள். தூரத்து நீரிலிருந்து மூடுபனி மட்டும் தவறாமல் வந்தது. உயராக்கின் வீடு ஓயாமல் வடித்தது. அவருடைய கிடங்கு வாய்வரை சிவப்பாக நிறைந்தது. இருப்பவர் கொடுக்க வேண்டும், அதில் பேச்சில்லை. முதல் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. பமியுக் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. திருப்பப்பட்ட வண்டியை ஊர் பேரப்பிள்ளை காலம்வரை பேசும். பிறகு ஒரு நாளும் அந்த நீலக்கொடியை ஏற்ற முடியாது.

வண்டியைத் தாமே இழுத்துப் போனார். பமியுக்கின் வாசலில் அவன் ஆட்கள் கூடி நின்றார்கள்.

"என்னண்ணே இது, திமிங்கிலத்து வாயிலேர்ந்து புடுங்கிட்டு வந்தீங்களா?" என்றான் பமியுக்.

"எங்க வீட்டு வாயிலேர்ந்து."

ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். பமியுக் வண்டியருகே வந்தான். பிறகு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றான்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்," என்றான். "எங்க வாசல்ல உள்ளயும் வரும், வெளியயும் போகும். டேய், எறக்குங்கடா."

வண்டி காலியானதும் அவன் கிடங்கில் இறங்கி ஒரு பெரிய துண்டைத் தோளில் சுமந்து வந்தான். போன வருடத்து வாலோரக் கறி. ஊரே பசித்தபோதும் அவன் வீட்டார் அதைத் தொடவில்லை. இன்னொருவர் பங்கு அது.

"அண்ணிக்கு வச்சிருந்தேன். உங்களுக்கில்ல. நீங்க சும்மா தூக்கிட்டுப் போங்க."

உயராக் தூக்கிக்கொண்டு வந்தார். கறி அகலமானது, ஜன்னலில் நுழையவில்லை. கொஞ்ச நேரம் வெளியே நின்றார். பிறகு அவர் வாசலுக்கு வந்து குனிந்தார். தகடுகள் அவர் முதுகை மெல்லத் தடவி வழிவிட்டன. கறி நல்ல கனம். யாராக இருந்தாலும் குனிந்திருப்பார்கள்.

அன்று மாலை நீலக்கொடி ஏறியது, ஊர் பானையோடு வந்தது. அடுத்த வசந்தத்தில் அவர் படகுக்குத் திமிங்கிலமும் கிடைத்தது. ஆனாலும் வீடு வடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. உயராக்குக்குப் பிறகும் அந்த வீட்டில் மூடுபனி வரும் நாளில் கதவைத் திறந்து வைத்துக் கொடியை ஏற்றுகிறார்கள். அத்தனை அடர்ந்த பனியில் கொடி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆனால் ஊரில் ஒருவர் விடாமல் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.