மானேஜர் சாரலுக்கு வந்தார்

எங்கள் கார் பின்னால் மட்டும் போகும். முன்னால் போகாது. இதை மதுரைக் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று வாப்பா என்னைக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போய்வந்தது என் கையெழுத்து ஒன்றுதான்.

அது அமெரிக்கக் கார். செங்கோட்டைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் இருந்த துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றது. வாப்பா தன்னுடைய நான்கு தறிகளையும் விற்றுவிட்டு அதை வாங்கினார். கப்பல் மாதிரி இருக்கும். கிளச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு இடது காலில் வேலையே இல்லை. தென்காசி முழுவதும் வந்து அந்த வேலையில்லாத காலைப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்தக் காலை என்ன செய்வீரு பாய்?" என்று கேட்டார் மெக்கானிக் மூசா.

"சும்மா வச்சிருப்பேன்."

"சும்மா இருக்கது எதுவும் கெட்டுப்போயிரும், பாத்துக்கிடுங்க."

கெட்டுப்போனது கால் அல்ல, கியர்பாக்ஸ். அந்த மாதிரிப் பெட்டியை மூசா அதற்கு முன் பார்த்ததில்லை. திறந்து பார்த்தார். மூடி வைத்தார். மதுரையில் ஒரு கம்பெனி பழைய பெட்டிகளைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, புதிது போலவே ஆக்கி விற்கிறது என்று யாரோ சொன்னார்கள். வாப்பா என்னை எழுதிப் போடச் சொன்னார். வைக்கோல் சுற்றிய மரப்பெட்டியில் கியர்பாக்ஸ் வந்தது. கறுப்புப் பெயிண்டு பளபளவென்று இருந்தது. மூசா நான்கு நாள் காருக்கு அடியில் படுத்துக் கிடந்து அதை மாட்டினார். வாப்பா பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தார். கார் அமைதியாகப் பின்னால் போய் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தது.

அதிலிருந்து அப்படித்தான். முன்னால் போகச் சொன்னால் உறுமும், நடுங்கும், நகராது. பின்னால் போகச் சொன்னால் வெண்ணெய் மாதிரிப் போகும்.

இதில் வேடிக்கை பார்க்க எங்களுக்கு நேரமில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற ஆவுடையப்ப அண்ணாச்சி, தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்குகிற சீசன் ஆட்களை லாட்ஜுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையை வாப்பாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்.

"அருவியில தண்ணி விழுந்து வர்ற முத ஞாயித்துக்கிழமை வண்டி என் வாசல்ல நிக்கணும் பாய். இல்லைன்னா நான் பீர் மைதீன் குதிரை வண்டிகளைப் பேசிருவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படப்படாது."

அந்த வேலை போய்விட்டால், தறிகளை வாங்கியவரிடமே போய் வாப்பா தன் தறியில் கூலிக்கு நெய்ய வேண்டும். வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உம்மா மட்டும் ஒருநாள் சோறு போடும்போது, "அந்தத் தறிக் குழி இப்பவும் உங்க காலுக்கு அளவாத்தான் இருக்கும்" என்றாள்.

முதல் இரண்டு கடிதங்களுக்குக் கம்பெனி பதில் போட்டது. தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம் என்று இரண்டிலும் இருந்தது. தங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள் என்றும் இருந்தது. மூன்றாவது கடிதத்தைக் காரமாக எழுத வேண்டும் என்றார் வாப்பா. நானும் பேனாவில் மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"முதல்ல ஸலாம் எழுது. நாங்க எல்லாரும் சுகம், அங்கன எல்லாரும் சுகமான்னு கேளு. மானேஜர் பேரு முகம்மது இஸ்மாயில். அவர் வீட்டுல உள்ளவங்களையும், பிள்ளைகளையும் கேட்டதா எழுது."

எழுதினேன்.

"இந்த வருசம் மழை நல்லாருக்கு, சாரல் சீக்கிரம் வந்துரும்னு எழுது. குடும்பத்தோட ஒருதடவை வந்து தங்கணும்னு எழுது. சொல்லாம விட்டா மரியாதை இல்லை."

"வாப்பா, கியர்பாக்ஸ்?"

"அதுக்குத்தானம்மா எழுதுதோம். கடைசியில எழுது. எடுத்த எடுப்புல குறை சொன்னா என்ன நினைப்பாங்க?"

தாள் முடிகிற இடத்தில், 'பெட்டி முன்னால் போகவில்லை' என்று ஒரு வரி எழுத இடம் இருந்தது.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. தாங்கள் அன்புடன் அழைத்தபடி புதன்கிழமை ரயிலில் குடும்பத்துடன் வருகிறேன் என்று மானேஜர் எழுதியிருந்தார். வாப்பா அதை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார். "பாத்தியாட்டி! ஆபீசை விட்டுட்டு ஆளே நேர்ல வாராரு. கம்பெனின்னா இப்படில்லா இருக்கணும்!"

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் அருவியில் தண்ணீர் விழுந்தது. கெடு அந்த ஞாயிற்றுக்கிழமை.

மானேஜர் இஸ்மாயில் நல்ல சிரித்த முகக்காரர். கையில் ஒரு தோல்பை. அதில் ஸ்பேனரோ திருப்புளியோ இருக்கும் என்று மூசா வாசலில் காத்திருந்தார். பையைத் திறந்ததும் நல்லெண்ணெய்ப் புட்டியும் மூன்று துண்டுகளும் வெளியே வந்தன.

குறை சொல்ல வாப்பா தயாராகத்தான் இருந்தார். ஆனால் ரயிலில் இறங்கி வந்தவரிடம் உடனே எப்படிச் சொல்வது? சாப்பிடட்டும் என்று இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால், சாப்பிடுகிற மனுசரிடம் எப்படிச் சொல்வது? திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மானேஜரே, அந்தப் பெட்டி விசயமா..."

"பாய், இந்த ஆணம் யாரு வச்சது? மதுரையில இப்படி ஒரு கறியை நான் கண்ணால பார்த்ததில்லை."

"ஏட்டி சைதூன், இன்னும் கொஞ்சம் கறி அனுப்பச் சொல்லு" என்பார் வாப்பா. கறி போகும். பெட்டி விசயம் மறுபடி அடுத்த வேளைக்குப் போய்விடும்.

விருந்து மரியாதையை உம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "நம்ம வீட்டுச் சோத்துல கையை வச்சிருக்கவர்கிட்ட போய்க் கேப்பீங்களாக்கும்?" என்று அவளே வாப்பாவை அதட்டினாள். மானேஜர் கையைக் கழுவுகிற நேரத்தில் கேட்கலாம் என்றால், கழுவியவுடன் தூங்கினார். தூங்கி எழுந்தால் அருவிக்குப் புறப்பட்டார். அதற்கு வாப்பாவின் செலவில் பீர் மைதீனுடைய குதிரை வண்டி வந்து நிற்கும். வண்டிக்காரன் எங்கள் காரைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்துவிட்டுப் போவான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் வாப்பா எப்படியோ அவரைக் காருக்குள் உட்கார வைத்துவிட்டார். மானேஜர் கியரைத் தள்ளினார். கார் பின்னால் போனது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓடுதே பாய்!"

"பின்னால ஓடுது."

"பெட்டியில உசுரு இருக்குல்ல, அதைச் சொல்றேன். புதுப் பெட்டி இல்லையா, கொஞ்சம் கூச்சப்படும். ஓட ஓடச் சரியாயிரும். நம்ம பெட்டி எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததே இல்லை, தெரியுமா?"

"முன்னால போனால்ல திரும்பி வரதுக்கு" என்றார் மூசா, வேலிப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு.

மானேஜர் அதற்கும் சிரித்தார். பெட்டி நல்ல நிலையில் இருப்பதாகக் கம்பெனியில் போய்ச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். பிறகு சாப்பிட வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மானேஜர் குடும்பம் கடைசிக் குளியலுக்குத் துண்டுகளோடு வாசலுக்கு வந்தபோது, குதிரை வண்டி இல்லை. கழுவித் துடைத்த கார் நின்றது. வாப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பாய் சிரமம்? குதிரை வண்டியே போதுமே."

"விருந்தாளியைக் குதிரை வண்டியில அனுப்புதானேன்னு ஊர்ல கேக்குதாங்க மானேஜரே. எனக்குத் தலைகுனிவா இருக்கு. வண்டி நல்லாருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஓட ஓடத்தான் சரியாகும்னீங்க. ஓட்டாம எப்படிச் சரியாகும்? ஏறுங்க."

நாலு நாள் சாப்பிட்ட வீட்டில் ஏற மாட்டேன் என்று சொல்ல மானேஜராலும் முடியவில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்சீட்டில் அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா, உம்மா, பிள்ளைகள், நான். பள்ளிக்கூடம் நின்ற பிறகு நான் குற்றாலம் பார்த்ததில்லை.

குற்றாலம் வரை பின்பக்கமாகவே போவதில் ஒரு சிக்கல் இருந்தது. பெண்கள் உட்கார்வதற்காகப் பின்கண்ணாடிக்கு உம்மா பச்சைத் திரை தைத்திருந்தாள். திரையை எடுத்தால் பெண்கள் தெரிவார்கள். எடுக்காவிட்டால் ரோடு தெரியாது. வாப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டார். "சைதூன், நீ திரை ஓரத்தைத் தூக்கிப் பாத்துச் சொல்லுட்டி" என்றார்.

நான் வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் வரை கத்திக்கொண்டே போனேன். "மாடு வாப்பா! இடதுபக்கம் சைக்கிள்! ஒரு ஆச்சி, கூடையோட!"

வழியில் மேலகரத்தில் டீக்கடையிலிருந்த எல்லாரும் எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏலே, இந்த வண்டி போவுதா, வருதா?"

"பாய், குற்றாலத்துல எதையும் மறந்து வச்சிட்டு வந்துட்டீரா?"

"விடுலே, அவரு நேத்து போன எடத்துக்கு இன்னைக்குத் திரும்புதாரு!"

வாப்பா தலையை வெளியே நீட்டியபடியே எல்லாருக்கும் ஸலாமும் வணக்கமும் சொன்னார். "மதுரைக் கம்பெனி மானேஜர் நேர்ல வந்திருக்காரு. பெட்டியை ஓட்டிப் பாக்குதோம்" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். மானேஜர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது முகத்துக்கு இறங்கியது.

ரஹ்மத்துன்னிசா என் பக்கத்தில் திரையின் மறு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் நான் முன்னால போறேன். இவரு பின்னால வர்றாரு" என்றார். உம்மா, "கம்பெனிக்காரங்க நினைச்சா எதுவும் செய்வாங்க" என்றாள்.

குற்றாலத்தை நெருங்கும்போது ஏற்றம். பெட்டியிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. புகையும் சாரலும் கலந்து உள்ளே அடித்தன. லாட்ஜ் வாசலில் ஆவுடையப்ப அண்ணாச்சியும், வராந்தாவில் சீசன் ஆட்கள் பத்துப்பேரும் நின்றார்கள். கார் ரோட்டிலிருந்து திரும்பி வாசலுக்குள் பின்பக்கமாக நுழைந்து, முகத்தை ரோட்டுக்குக் காட்டியபடி அழகாக நின்றது. உள்ளே ஏதோ முறிந்தது. அதற்குப் பிறகு அது பின்னாலும் போகவில்லை.

வாப்பா இறங்கினார். கழுத்தைத் திருப்பவே முடியவில்லை அவருக்கு. "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை. வண்டி வாசல்ல நிக்குது."

அண்ணாச்சி காரைச் சுற்றி வந்தார். "நிக்குது. நான் இல்லைங்கல. கிளம்புமா?"

வாப்பா மானேஜரைப் பார்க்க உடம்போடு திரும்பினார். மானேஜர் எண்ணெய்ப் புட்டியோடு அருவிப் பக்கம் பாதித் தூரம் போயிருந்தார்.

ஸ்டேஷன் வேலை பீர் மைதீனுக்குப் போனது. மானேஜரும் அவருடைய குதிரை வண்டியில்தான் ரயிலுக்குப் போனார். பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பெட்டியை அளவுக்கு மீறிப் பின்னோக்கி ஓட்டியிருப்பதை எங்கள் மானேஜர் நேரில் கண்டபடியால், உத்தரவாதம் இனிச் செல்லாது. தங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள்.

காரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அண்ணாச்சி தினமும் ஆள் அனுப்பினார். எடுப்பதற்கு மாடு கட்ட வேண்டும். வாப்பா மாடு பேசிக்கொண்டு போன அன்று, காரைச் சுற்றிக் கூட்டம். ஒரு போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை, பக்கத்தில் பெண், பின்னால் அருவி. அடுத்த ஜோடி வரிசையில் நின்றது.

"மாட்டைத் திருப்பி அனுப்பும் பாய்" என்றார் அண்ணாச்சி. "ஓடுத வண்டியில படம் எடுக்க முடியாதுல்லா? இது அசையாம நிக்கி. உமக்கு வேலை இங்கனதான். ஒரு தொப்பி போட்டுக்கிட்டு, கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நில்லும். டிரைவரு நின்னாத்தான் கார் சொந்தக் கார் மாதிரி இருக்கும்."

அந்தச் சீசனிலிருந்து வாப்பா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். காருக்குச் சொந்தக்காரராகத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் வேலையில் கஷ்டமான பகுதி என்கிறார். தறிக்குப் போகவில்லை.

அடுத்த வருசம் சாரலுக்கு மானேஜர் இஸ்மாயில் குடும்பத்தோடு வந்து அண்ணாச்சி லாட்ஜில் தங்கினார். காரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். வாப்பா கதவைத் திறந்து பிடித்தார். போன வாரம் மானேஜரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கம்பெனி ஆபீசில் மாட்டியிருக்கிறார்களாம். நம் பெட்டி போட்ட அமெரிக்கக் கார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்களாம். பெட்டிகள் நன்றாக விற்கின்றனவாம்.

"பதில் எழுதணும்ட்டி" என்றார் வாப்பா. ஸலாம் எழுதினேன். எல்லாரும் சுகமா என்று கேட்டேன். ரஹ்மத்துன்னிசாவைத் தனியாக விசாரித்தேன். இந்த வருசமும் சாரலுக்கு அவசியம் வர வேண்டும் என்று எழுதினேன்.

"முடிச்சிரவா வாப்பா?"

"கடைசியில, பெட்டி முன்னால போகலைன்னு ஒரு வரி போட்டுரு."

தாளில் இடம் இல்லை. ஓரத்தில் நெட்டுக்குத்தாக எழுதினேன்.